உப்பு நிற்கும் இடம்: பெர்ணம் ஆற்றில் மழைக்காலத் தூண்டில்

எங்கள் தோட்ட அலுவலகத்தின் முன்னால், கொடிக்கம்பத்துக்கும் மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே, ஒரு மழைமானி நிற்கிறது. நாள்தோறும் காலையில் அதில் சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கைப் பேரேட்டில் பதிவது கிராணியாகிய, அதாவது எழுத்தராகிய, என் வேலைகளில் ஒன்று. உரம் போடும் நாளையும், செம்பனைக் குலை ஏற்றும் லோரி எந்தப் பாதையில் இறங்கலாம் என்பதையும் அந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கும். பேரேட்டை எழுதத் தொடங்கிய முதல் பத்து ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதையும் அதே கணக்கைக் கொண்டு முடிவு செய்து வந்தேன். சனிக்கிழமை காலையில் மழைமானி காய்ந்திருந்தால் ஆறு நன்றாக இருக்கும் என்று நம்பிப் புறப்படுவேன். ஐம்பது மில்லிமீட்டர் காட்டினால் வீட்டிலேயே இருந்துவிடுவேன். இரண்டு முடிவுகளும் பெரும்பாலும் பிழையாகவே போயின. காய்ந்த வாரத்தில் போய் வெறும் கையோடு திரும்பியிருக்கிறேன்; வீட்டில் இருந்துவிட்ட நாளில், பக்கத்து லயத்துப் பையன் நான்கு கிலோ சியாக்காப் என்னும் கொடுவா மீனை மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிட்டு என் வாசலைக் கடந்து போனதையும் பார்த்திருக்கிறேன்.

மழைமானி பொய் சொல்லவில்லை. என் தலைக்கு மேல் பெய்த மழையைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் நாங்கள் தூண்டில் போடும் பெர்ணம் ஆறு, தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, தஞ்சோங் மாலிம் நகரைத் தொட்டு, பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடி, எங்கள் ஊரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மலைப்பக்கத்தில் கொட்டிய மழை எங்கள் படித்துறைக்கு வந்து சேர, என் குறிப்பேட்டின்படி, ஏறத்தாழ இரண்டு நாள் ஆகிறது. ஆகவே இங்கே வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு பெருகிக் கலங்கி ஓடுவதும், இங்கே குடை பிடித்து நிற்கும் நாளில் ஆறு அடங்கி மீன் கடிப்பதும் வியப்புக்குரியவை அல்ல. இதை எனக்குப் புரியவைத்தவர் என் தாய்மாமா. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் ஒருநாள் என் பேரேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்க பேஞ்ச மழடா. மீனுக்கு மாலிம் மழதான் கணக்கு," என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

மேலை நாடுகளில் குளிர்காலம் தொடங்கும் அதே வாரங்களில்தான் எங்களுக்கு வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குகிறது. மலேசிய வானிலைத் துறை ஆண்டுதோறும் நவம்பர் முற்பகுதியை ஒட்டி அதன் தொடக்கத்தை அறிவிக்கும். மார்ச் வரை அது நீடிக்கும். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் கரையேறிவிடும். மேற்குக் கரையில் இருக்கும் எங்களுக்கு நிலைமை வேறு. மலைத்தொடர் காற்றைத் தடுத்து நிற்பதால், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும் விடியற்காலைகளில் ஆற்று முகத்துவாரம் எண்ணெய் பூசினாற்போல் அமைதியாகக் கிடக்கும். எங்களுக்குத் தொல்லை தருவது பிற்பகல்தான். மேற்குக் கரைக்கு ஆண்டில் இரண்டு மழை உச்சங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று அக்டோபர், நவம்பர் மாதங்களில் வருவது. பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்ற சொல், அவர் கண்டிராத வேறொரு மலையின் மழைக்கும் ஓரளவு பொருந்திப் போவதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் தண்ணீர் பெரிதாகக் குளிர்ந்துவிடுவதில்லை. மீனை இடம் மாற்றுவது குளிர் அன்று, உப்பு.

இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்ட பிறகுதான் என் தூண்டிலுக்குப் பலன் கிடைத்தது. ஆற்றின் நன்னீர் இலகுவானது, கடல்நீர் கனமானது. கடல் மட்டம் உயரும் ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றின் அடிப்பகுதியில் ஆப்புப் போலச் செருகிக்கொண்டு மேலேறுகிறது. நன்னீர் அதன் முதுகின் மீது வழுக்கிக் கடலுக்கு இறங்குகிறது. வறண்ட மாதங்களில் அந்த உப்பு ஆப்பு ஆற்றில் வெகுதூரம் ஏறி வரும். நவம்பரில் மேல்மழை தொடர்ந்து பெய்யப் பெய்ய, அது முகத்துவாரத்தை நோக்கித் தள்ளப்படும். இறாலும் சிறுமீனும் தங்களுக்கு ஒத்த உப்பைத் தேடி அதனுடன் நகரும். அவற்றைத் தின்னும் மீன்கள் பின்னால் போகும். சென்ற மாதம் நிறைய மீன் பிடித்த படித்துறையிலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மாதம் ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். கருவி ஏதுமின்றி இதைக் கணிக்க மரங்கள் உதவும். கடலோரத்தில் பாக்காவும் அப்பி-அப்பியும் நிற்கும். உள்ளே வரவர நீப்பா ஓலைகள். அதற்கும் உள்ளே, உப்பு குறைந்த இடத்தில், மின்மினி மொய்க்கும் பெரெம்பாங் மரங்கள். ஆண்டின் சராசரி உப்பை அவை காட்டுகின்றன. நவம்பரில் அந்தச் சராசரியிலிருந்து ஒரு படி கடல் பக்கமாக இறங்கித் தேட வேண்டும்: பெரெம்பாங் அருகே பிடித்ததை நீப்பா அருகிலும், நீப்பா அருகே பிடித்ததை முகத்துவாரத்திலும். மாமா தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். நான் அதைச் செய்வதில்லை. யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். செம்பனைக் காட்டில் எலிகள் மிகுதி. மழைநீரோடு எலிச் சிறுநீரும் கலந்து வருவதால் எலிக் காய்ச்சல் எங்கள் பகுதியில் கேள்விப்படாத நோய் அன்று.

மேல்மழையை அறிய இப்போது மாமாவின் நாக்கோ தஞ்சோங் மாலிமில் இருக்கும் சம்பந்தியின் தொலைபேசி அழைப்போ தேவையில்லை. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் இணையப் பக்கத்தில், பெர்ணம் ஆற்றின் தஞ்சோங் மாலிம் நிலையத்திலும் எஸ்.கே.சி. பாலத்து நிலையத்திலும் நீர்மட்டம் எவ்வளவு என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். வியாழக்கிழமை இரவு அங்கே கோடு செங்குத்தாக ஏறியிருந்தால், சனி, ஞாயிறு எங்கள் ஆற்றில் கலங்கலும் கட்டையும் வரும் என்று பொருள். அப்படிப்பட்ட வாரத்தில் ஆற்றை விட்டுவிட்டு முகத்துவாரத்துக்குப் போக வேண்டும், அல்லது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக் கூரையின் ஒழுக்கை அடைக்க வேண்டும். சம்பந்தி மட்டும் இன்னும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்; மழை பற்றி இரண்டு நிமிடமும் மற்றவை பற்றி முக்கால் மணி நேரமும் பேசுவார்.

எல்லா மழையும் ஒன்றல்ல என்பதையும் பட்டுத்தான் அறிந்தேன். வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழையில் நான் ஒருபோதும் நல்ல மீன் பிடித்ததில்லை. பெர்ணம் ஆற்றின் தென்கரைக்கு அப்பால் வட சிலாங்கூரின் சதுப்புக் காடு இருக்கிறது. அங்கே மக்கிய இலைதழைகளில் மாதக்கணக்கில் ஊறிய நீர் தே-ஓ எனும் பாலில்லாத் தேநீரின் நிறத்தில், அமிலத் தன்மையோடு, முதல் மழையில் ஆற்றுக்குள் இறங்கும். தோட்டத்து வடிகால்களில் தேங்கியிருந்த நீரும் அதனுடன் சேரும். அந்த இரண்டு மூன்று நாட்களில் மீன் வாயைத் திறப்பதில்லை. சில ஆண்டுகளில் பெரிய ஆற்று இறால்கள் மயங்கிக் கரையோரம் ஒதுங்கும். 'ஊடாங் மாபோக்' (மயங்கிய இறால்) என்று கம்பத்து மக்கள் கூவிக்கொண்டு அத்தாங்கு எனும் கைவலையோடு ஓடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நாங்களும் ஓடியிருக்கிறோம். முதல் கழுவல் போய், மழை விட்டுவிட்டுத் தொடர்ந்து பெய்யும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ஆற்றின் நிறம் தே-ஓவிலிருந்து, பால் கலந்த தேநீரான தே தாரிக்குக்கு மாறும். அப்போதுதான் மீன் கடிக்கத் தொடங்கும்.

நிறத்தை வெறும் கண்ணால் மதிப்பிட்டால் மேகமும் வெயிலும் ஏமாற்றிவிடும். ஆகவே பால் டின்னின் வெள்ளை மூடி ஒன்றில் ஈயக்குண்டைக் கட்டி, நூலில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தண்ணீரில் இறக்கி, மூடி எந்த முடிச்சில் மறைகிறது என்று பார்ப்பேன். ஒரு சாணுக்குள் மறைந்தால் கண்ணால் வேட்டையாடும் மீனை அன்று மறந்துவிட்டு, மீசையாலும் மோப்பத்தாலும் தேடும் டூரி, செம்பிலாங் ஆகிய கெளுத்தி வகைகளுக்கு இறால் துண்டோ புழுவோ போடுவேன். செனாங்கின் என்ற மீனும் இந்தக் கணக்கில் சேரும். அதன் மார்புத் துடுப்புக்குக் கீழே தொங்கும் நூல் போன்ற இழைகள் கலங்கலில் தடவிப் பார்த்து இரை தேடுவதற்காகவே அமைந்தவை. இரண்டு சாணுக்கு மேல் மூடி தெரிந்தால் உயிர் இறாலை மாட்டிச் சியாக்காப்பைத் தேடலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் மழைக்கு அடுத்தது திதி. கடற்படையின் நீரியல் மையம் வெளியிடும் ஏற்ற வற்ற அட்டவணை கைக்குக் கிடைக்கும் முன்பே, வீட்டில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டி மாமாவுக்கு அந்த வேலையைச் செய்து வந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும்; அவை பெரிய நீர் நாட்கள். அஷ்டமி கழிந்து நவமி, தசமியில் அவை மிகச் சுருங்கும். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளி வரும். ஒரு வற்றம் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, இறங்கும் நீரைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கும், இரண்டாவதில் இரண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்றும், பிறகு இரண்டும், ஒன்றுமாக இறங்கும். அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி ஆறு காலியாகிவிடும். பெரிய நீர் நாட்களில் அந்த நேரத்தில் எவ்வளவு கனமான ஈயம் போட்டாலும் அடியில் நிற்காது. தங்கூஸ் எனும் நைலான் நூலில் நீப்பா ஓலைதான் சிக்கும். ஆகவே மீனுக்கு நான் தேர்வது, நீர் ஓடவும் வேண்டும் ஈயம் நிற்கவும் வேண்டும் என்பதால், சதுர்த்தி முதல் சப்தமி வரையிலான நாட்களையும், அஷ்டமி நவமி கழிந்து நீர் மறுபடி ஏறத் தொடங்கும் துவாதசி, திரயோதசியையும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்படும் அஷ்டமியும் நவமியும் ஆற்று இறாலுக்கு மிக நன்றாக ஆகும். நிச்சயதார்த்தம் எதுவும் வைக்கமாட்டார்கள் என்பதால் அந்த நாட்களில் போக வீட்டில் தடையும் இருக்காது.

அட்டவணையை அப்படியே நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது கடற்கரைக்குக் கணிக்கப்பட்டது. அதே ஏற்றம் எங்கள் ஊர்ப் படித்துறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் எதிர்த்துத் தள்ளுவதால் வற்றம் நீண்டும் ஏற்றம் குறுகியும் போகும்; அட்டவணை 'ஏறத் தொடங்கிவிட்டது' என்று சொல்லும் நேரத்தில் எங்கள் மிதவை இன்னும் கடலை நோக்கியே போய்க்கொண்டிருக்கும். படித்துறைத் தூணில் ஈரக் கறை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது எந்தத் தாளையும்விட நம்பகமானது.

கடலோரத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு மட்டும் வாய்த்த ஓர் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நிலம் தாழ்ந்தது. கடல்நீர் புகாதிருக்க ஆற்றோரமாகப் பண்டு எனப்படும் மண்கரை எழுப்பி, வடிகால் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் வாட்டர்கேட் வைத்திருக்கிறார்கள். ஆறு ஏறும்போது அதன் கதவு நீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். ஆறு இறங்கி, உள்ளே நிற்கும் நீர் உயர்ந்ததும் தானே திறந்துகொள்ளும். நவம்பரில் வாய்க்கால்கள் நிறைந்து நிற்பதால் கதவு திறந்த கணத்தில் கறுத்த நீர் சீறிக்கொண்டு வெளியேறும். அதனோடு செப்பாட் மீன்குஞ்சும் சிறு இறாலும் தவளையும் நிலைகுலைந்து வெளியே வந்து விழும். சியாக்காப் இதை அறிந்தே வெளியே காத்திருக்கும். புதியவர்கள் சீறும் நீரின் நடுவே வீசுவார்கள். நானும் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் வீசினேன். அந்த வேகத்தில் எந்த மீனும் நிற்காது. வாய்க்காலின் கறுப்பு நீரும் ஆற்றின் மண்ணிற நீரும் உரசிக்கொள்ளும் இடத்தில், நுரையும் சருகும் கோடாகச் சேர்ந்து ஓடுவது தெரியும். அந்தக் கோட்டுக்கு ஆற்றுப்புறமாக ஒரு முழம் தள்ளி, இரை தானாக மிதந்து கோட்டுக்குள் நுழையும்படி விட வேண்டும். கதவு திறந்த முதல் அரைமணி நேரத்தை நான் வீணாக்குவதில்லை. அதன் பிறகு, என் குறிப்பேட்டின்படி, பிடிபட்டவை மிகச் சில.

உயிர் இறாலை அதன் தலைக் கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் மாட்டினால் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். தௌக்கே (முதலாளி) கடையில் வாங்கும் இறால் உப்புத் தண்ணீர்க் குளத்தில் வளர்ந்தது. அதை மழைக்காலத்து ஆற்றுநீரில் நேரே போட்டால் சில நிமிடங்களில் உடல் வெளுத்துச் செத்துப்போகும். நான் வாளியில் கடையின் தண்ணீரையே பாதியளவு வாங்கி வந்து, ஆற்றுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பேன். குழாய்த் தண்ணீரைக் கலப்பதில்லை, அதிலுள்ள குளோரின் இறாலைக் கொன்றுவிடும். சியாக்காப்பின் செவுள் மூடி கத்தி போலக் கூர்மையானது என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேல் இரண்டடி நீளத்துக்கேனும் தடித்த தங்கூஸ் வேண்டும். அது துள்ளித் தலையை உதறும்போது ஜோரானின், அதாவது தூண்டில் கோலின், நுனியை உயர்த்தாமல் தண்ணீரை நோக்கித் தாழ்த்த வேண்டும். மிகப் பெரிய மீன் மாட்டினால் அதை நான் விட்டுவிடுகிறேன். சியாக்காப் ஆணாகப் பிறந்து, சில ஆண்டுகள் ஆணாகவே வாழ்ந்து, பின்னரே பெண்ணாக மாறும் மீன். ஆகவே பெரியவை எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். இதைச் சொன்னபோது பக்கத்து லயத்துப் பையன் சிரித்தான். அவனுடைய கருத்தை மாற்ற நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

ஊடாங் காலா என்று நாங்கள் சொல்லும் பெரிய ஆற்று இறாலிலும் இதே கதைதான். சினைப்பட்ட பெண் இறால், வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு, உப்புக் கலந்த நீரைத் தேடிக் கீழ்நோக்கி வரும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நன்னீரில் பிழைக்காது என்பதை 1960களின் தொடக்கத்தில் பினாங்கின் குளுகோரில் ஆய்வு செய்த ஷாவ் வென் லிங் என்ற அறிஞர்தான் கண்டறிந்தார். இன்று உலகெங்கும் நடக்கும் இந்த இறாலின் வளர்ப்பு அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்கியது. மழைக்காலத்தில் தாய் இறால்களும் அவற்றைத் தொடர்ந்து நீலக் கொடுக்குள்ள ஆண்களும் எங்கள் ஊர்ப் பக்கம் கூடும்போது, மண்புழுவைச் சிறிய முள்ளில் மாட்டி அடியில் கிடத்த வேண்டும். இறால் கெளுத்தியைப் போல இழுத்துக்கொண்டு ஓடாது. கொடுக்கால் பற்றி, மெல்ல நகர்த்தி, தனக்கு வசதியான இடத்தில் உட்கார்ந்து தின்னும். நூல் சாய்ந்தவுடன் வெடுக்கென்று இழுப்பவனுக்குப் பாதிப் புழுதான் திரும்பி வரும். ஒரு வெற்றிலை போடும் நேரம் பொறுத்து, கனம் தெரிகிறதா என்று மெதுவாகத் தூக்கிப் பார்த்து, அப்படியே கூடையளவு அத்தாங்கில் ஏந்திவிட வேண்டும். வயிற்றில் முட்டை உள்ளதைத் திருப்பி விடுவது எங்கள் படித்துறையில் இப்போது பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் வழக்கம். நஞ்சு கலந்தும் மின்சாரம் பாய்ச்சியும் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இரண்டையும் தடை செய்திருக்கிறது.

முகத்துவாரத்துக்கு வருகிறேன். அங்கே நான் கற்றவை எல்லாம் ஒரே நாளில் கற்றவை. 2017ஆம் ஆண்டு நவம்பரில், அமாவாசை சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு, 19ஆம் தேதி. கார்த்திகை பிறந்துவிட்டதால் வீட்டில் மீன் சமைக்கமாட்டேன் என்று மனைவி சொல்லியும், இரண்டு வாரமாக ஆறு கலங்கிக் கிடந்த ஏக்கத்தில், மாமாவும் நானும் ஒரு மலாய் நண்பரின் ஃபைபர் படகில் விடியுமுன் புறப்பட்டோம். பெரிய நீர் நாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். தெரிந்தும் போனோம். சேற்றுத் திட்டின் விளிம்பில் நங்கூரம் போட்டதும் கெலாமா மீன் கடிக்கத் தொடங்கியது. எட்டரை மணிக்குமேல் செனாங்கின் கூட்டமாக வந்தது. ஒவ்வொரு முறை ஈயம் அடியைத் தொடும் முன்பே ஜோரான் வளைந்தது. "இன்னும் ரெண்டு மீன் மாமா, போயிருவோம்," என்று நான்தான் சொன்னேன். பன்னிரண்டு பங்கில் மும்மூன்றாக இறங்கும் அந்த நேரத்தில் நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பத்தரை மணிக்குப் படகின் அடி சேற்றில் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பளபளக்கும் சேறாக இருந்தது. தண்ணீர் வெகு தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தது.

மாமா இறங்கித் தள்ளப் பார்த்தார். ஒரு காலை வைத்ததும் தொடை வரை போய்விட்டது; அவரைப் படகுக்குள் இழுத்துப் போடுவதற்குள் எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. செருப்பு அங்கேயே போனது. சேற்றில் உட்கார்ந்த படகிலிருந்து எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது என்பதையும், ஏற்றம் வரும் வரை காத்திருப்பதே வழி என்பதையும் அவரும் அறிந்தவர்தான். அவசரத்தில் அறிவு வேலை செய்யவில்லை. நேரத்தைக் கழிக்க நான் பெட்டியிலிருந்த மீனைப் பிரித்துவைக்கப் போனேன். டூரி ஒன்று உதறியதில் அதன் முதுகு முள் என் உள்ளங்கையில் இறங்கியது. அந்த வலி தோள்வரை ஏறியது. அதன் நஞ்சு சூட்டில் சிதையும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவர் எப்போதோ சொன்னது மாமாவின் நினைவுக்கு வந்தது. எங்களிடம் இருந்த ஒரே சூடான பொருள், தெர்மோஸில் இருந்த கோப்பி-ஓ. அதைத் தண்ணீர் இறைக்கும் டப்பாவில் ஊற்றி, குடிதண்ணீர் கலந்து கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குள் கையை வைத்துக்கொண்டேன். சூடு இருந்தவரை வலி பாதியாகத் தணிந்தது. பிறகு மருத்துவரிடம் கேட்டதில், 45 பாகை செல்சியஸ் அளவில், கை வெந்துவிடாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வைத்திருப்பதே முறை என்றார். முள் உள்ளே ஒடிந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். அன்று முதல் தெர்மோஸை ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுபோகிறேன். இரண்டாவதில் வெறும் வெந்நீர்.

ஒன்றரை மணிக்குக் கிழக்கே மலைப்பக்கம் கறுத்தது. பருவமழைக்காலத்து இடிமழை அப்படித்தான், நிலத்தில் சூடேறிய பின் பிற்பகலில் எழுந்து வரும். சுற்றிலும் தட்டையான சேறு. அதில் உயர்ந்து நின்றது எங்கள் படகு மட்டுமே. கார்பன் ஜோரான்கள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியவை. அவற்றையெல்லாம் மடக்கிப் படகின் அடியில் கிடத்திவிட்டு, நாங்களும் தலை தாழ்த்திக் குந்தியிருந்தோம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்று, இரண்டு என்று மாமா எண்ணிக்கொண்டே வந்தார். முப்பதுக்குள் வந்தால் ஆபத்து என்பது கணக்கு. பதினொன்றில் நின்றார். அதன்பிறகு எண்ணவில்லை. இரண்டு மணிக்குப் பிறகு ஏற்றம் வந்து படகு அசைந்தது. மழையில் கரை தெரியாததால் உடனே கிளம்பவும் முடியவில்லை. கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் பொறுத்து, மழையோடு வந்துகொண்டிருந்த கட்டைகளில் மோதாமல் மெல்ல ஊர்ந்து, மாலையில் படித்துறை சேர்ந்தோம். பதினாறு செனாங்கின். எல்லாவற்றையும் படகுக்காரருக்கும் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவிட்டோம். மனைவி சொன்னபடியே வீட்டில் சமைக்கவில்லை.

அன்றிலிருந்து முகத்துவாரத்துக்கு அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நான்கு நாட்களில் நான் போவதில்லை. மற்ற நாட்களில் போனாலும், வற்றத்தின் இரண்டாவது மணி முடிவதற்குள் ஆழமான ஓடைக்கு மாறிவிடுவோம். பன்னிரண்டு மணிக்குள் ஆற்றுக்குள் திரும்பிவிடுவோம். மிதவை உடுப்பை இருக்கையின் அடியில் வைப்பதை விட்டு, அணிந்துகொள்கிறோம். ஆண்டிறுதிப் பெரிய ஏற்றங்களின்போது பண்டு மீது தண்ணீர் வழியலாம் என்று எச்சரிக்கை வந்தால் வாட்டர்கேட் பக்கமும் போவதில்லை. இளகிய கரை எப்போது சரியும் என்று சொல்லமுடியாது. கீழ்ப் பேராக் ஆறுகளில் முதலை உண்டு என்பதால், அந்தி சாய்ந்த பின் நீர் விளிம்பில் உட்கார்ந்து மீன் கழுவும் பழக்கத்தையும் விட்டாயிற்று.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் இப்போது ஐந்து கோடுகள் இழுத்து வைத்திருக்கிறேன்: திதி, மாலிம் நீர்மட்டம், மூடி மறைந்த முடிச்சு, போன இடம், கிடைத்தது. அலுவலகத்துப் பேரேட்டிலிருந்து மழையளவை எடுத்து எழுதுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாமாவுக்கு முட்டிவலி முற்றிவிட்டதால் படகேறுவதில்லை. ஆனால் நவம்பர் பிறந்தால் ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் தொலைபேசி ஒலிக்கும். சென்ற வாரமும் ஒலித்தது.

"தண்ணி என்னா நெறம்?"

"தே தாரிக் மாமா. முடிச்சு ஒண்ணரை."

"திதி?"

"சஷ்டி."

"அப்ப கேட்டுல நிக்காத. நீப்பா முடியுற எடத்துக்குப் போ. பத்து மணிக்கு மேல எனக்கு ஒரு போன் போடு."

நீப்பா முடியும் இடத்தில் இரண்டு செனாங்கினும் ஒரு செம்பிலாங்கும் கிடைத்தன. பத்து மணிக்கு அழைத்தேன். அவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை, படகு எவ்வளவு தண்ணீரில் நிற்கிறது என்று கேட்டார்.